மூன்று மேசைக் கடையில் யூனியன் ஸ்டுவர்ட் வேலை பார்ப்பது எப்படி

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் குரோசரிக் கடையின் சாப்பாட்டு அறையில் மூன்று மேசைகள் இருக்கின்றன. ஜன்னலோர மேசையில் 20, 25 வருடமாக முழுநேரம் வேலை செய்பவர்கள். மைக்ரோவேவுக்குப் பக்கத்து மேசையின் ஒரு பாதியில் எங்கள் தமிழ் அன்ரிமார், மறுபாதியில் பிலிப்பைன்ஸ் அக்காமார். வாசலோர மேசையில் கல்லூரிப் பிள்ளைகள், ஆளுக்கொரு போனோடு. யாரும் இப்படி எழுதி ஒட்டவில்லை. ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளை இரண்டாம் நாளே தன் மேசை எது என்று கண்டுபிடித்துவிடும்.

மூன்று மேசைக்கும் யூனியன் ஒன்றுதான். சம்பளத்தில் சந்தா பிடிப்பதும் ஒரே மாதிரித்தான். ஆனால் "யூனியன் யாருக்கு?" என்று கேட்டால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டும்.

நான் 2008 இல் டெலியில் (சமைத்த இறைச்சி, சீஸ் வெட்டிக் கொடுக்கும் பகுதி) பகுதிநேரமாகச் சேர்ந்தவள். 2016 இலிருந்து ஸ்டுவர்ட், அதாவது சக தொழிலாளருக்காக யூனியன் சார்பில் நிர்வாகத்தோடு கதைக்கும் ஆள். போன மாதம் வேறொரு கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் போன் எடுத்து, "அக்கா, என்னை ஸ்டுவர்டாகப் போட்டுவிட்டார்கள், என்ன செய்யவேணும் எண்டே தெரியேல்லை" என்றார். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன். சட்ட விஷயங்கள் எல்லாம் ஒன்ராறியோவுக்கு உரியவை. வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் தங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, யூனியனும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தை வாசிப்பது. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகமாக யூனியன் அலுவலகத்தில் தருவார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசிக்கத் தேவையில்லை. நான்கு இடங்களில் மடித்து வையுங்கள்: மணித்தியாலங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன, சீனியோரிற்றி (வேலை மூப்பு) எப்படிக் கணக்கிடப்படுகிறது, ஒழுங்கு நடவடிக்கை, கிறீவன்ஸ் (ஒப்பந்தத்தை மீறியதாக நிர்வாகத்திடம் எழுத்தில் போடும் முறைப்பாடு) காலக்கெடு. வாசிக்கும்போது ஆங்கிலத்தில் 'ஷல்' என்று இருக்கும் இடங்களின் கீழ் கோடு போடுங்கள். அது கடை நிர்வாகம் கட்டாயம் செய்ய வேண்டியது. 'மே' என்று இருந்தால் அது அவர்களின் விருப்பம். இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் வருடம் நான் இரண்டு கிறீவன்ஸ் போட்டு இரண்டையும் திருப்பி எடுத்தேன்.

காலக்கெடுவைத் தனியாக எழுதி போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து இத்தனை நாளுக்குள் முதல் படி, பதில் வந்து இத்தனை நாளுக்குள் இரண்டாம் படி என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு கணக்கு இருக்கும். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் நாள் தவறிவிட்டால் அந்தக் கேஸ் அங்கேயே நின்றுபோகலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். முழுநேரம், பகுதிநேரம் என்ற பிரிவு இன்றைய மனேஜர் உண்டாக்கியதல்ல. ஒன்ராறியோ தொழில் உறவு வாரியம் நெடுங்காலமாக, வாரத்துக்கு 24 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் வேலை செய்பவர்களையும் விடுமுறைக்கால மாணவர்களையும் முழுநேரத்தினரிடமிருந்து தனி அலகாக, அதாவது தனியாகப் பேரம்பேசும் குழுவாக, பிரித்துவந்தது. பல கடைகளில் அந்த 24 இன்றும் ஒப்பந்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல், இந்தத் தேதிக்கு முன் சேர்ந்தவருக்கு ஒரு சம்பளப் படி, பின் சேர்ந்தவருக்கு இன்னொரு படி. ஒரே இறைச்சி மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு மணிக்கு எட்டு, ஒன்பது டொலர் வித்தியாசம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இளம் பிள்ளைகள் ஜன்னலோர மேசையைப் பார்த்துக் கோபப்பட்டால், அந்தச் சம்பளம் இவர்கள் பையிலிருந்து எடுத்ததல்ல, அவர்கள் பனிக்குள் மறியல் நின்று வாங்கியது என்று சொல்லுங்கள். அதே மூச்சில் ஜன்னலோர மேசைக்கும் போய், "நீங்கள் பென்ஷன் எடுத்துப் போகும்போது உங்கள் இடத்துக்கு இரண்டு பகுதிநேரப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள், அவர்கள் சம்பளம் தாழ்ந்திருந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் உங்கள் பக்கம் நிற்க யார் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். ஒரு மேசைக்கு மட்டும் சொன்னால் பலனில்லை.

இரண்டாவது வேலைக்கு ஒரு கொப்பி வேண்டும். கடையில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு நேரே பகுதி, சேர்ந்த தேதி, முழுநேரமா பகுதிநேரமா, வழக்கமான ஷிப்ட், வீட்டில் பேசும் மொழி, எப்படி வேலைக்கு வருகிறார். கடைசி இரண்டும் எதற்கு என்று கேட்பீர்கள். வாக்கெடுப்பு நாளில் அந்த இரண்டு பத்தியும்தான் உங்களுக்கு உதவும். எழுதி முடித்ததும் யார் பெயருக்கு நேரே வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். என் கொப்பியில் இரவுப் பெட்டி அடுக்கும் ஆட்கள் ஒன்பது பேரில் ஆறு பேருக்குப் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. எட்டு வருடம் ஒரே கடையில் வேலை செய்தும் அவர்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குப் போய், இடைவேளை வரும்வரை காத்திருந்து, இரண்டு பிளாஸ்க் ரீயோடு இருந்து கதைத்தேன். "யூனியன் ஆள் இந்த நேரத்தில் வந்தது இதுதான் முதல் தடவை" என்றார் ஒருவர்.

சரி, இனி உண்மையான சண்டைக்கு வருவோம். குரோசரிக் கடையில் பத்துப் பிரச்சினையில் ஏழு மணித்தியாலப் பிரச்சினைதான்.

எங்கள் கடையில் வியாழக்கிழமை பின்னேரம் பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் அடுத்த கிழமை ஷெடியூல் ஏறும். அந்தப் பத்து நிமிடத்தில் கடையின் மனநிலை முழுவதும் அங்கே தெரியும். ஒரு வியாழன், பேக்கரியில் வேலை செய்யும் அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தாளைக் காட்டினார். அவருக்கு 11 வருட சீனியோரிற்றி. அந்தக் கிழமை 14 மணித்தியாலம். அதே பேக்கரியில் சேர்ந்து எட்டு மாதமான மாணவனுக்கு 23. "இந்தப் பெடியனுக்கு எப்படிப் பிள்ளை இவ்வளவு?" என்று கேட்டபோது அவர் விரல் தாளில் நடுங்கியது. வாடகை கொடுக்கும் மனுசி.

ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. கிறீவன்ஸ் போட்டேன், மூன்று கிழமையில் வென்றோம். அன்ரிக்கு 22 மணித்தியாலம் வந்தது. பெடியனுக்கு 9 ஆனது. அவனும் கல்விக் கட்டணத்துக்காக வேலை செய்தவன்தான். அதை நான் அவனிடம் ஒருநாளும் கேட்கவில்லை. வாசலோர மேசை நான்கு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனேஜர் அவனிடம், "உன் மணித்தியாலத்தைக் குறைத்தது நானில்லை, உன் யூனியன்" என்று சொல்லியிருந்தார். அது உண்மை என்பதுதான் எனக்கு வலித்தது.

அன்ரியின் உரிமையைக் கேட்டது பிழையல்ல. ஆனால் இருவருக்கும் நடுவில் கிடந்த துண்டை மட்டும் பார்த்தேன், அந்தத் துண்டு ஏன் இவ்வளவு சிறியது என்று பார்க்கவில்லை. இப்போது இப்படிச் செய்கிறேன்:

ஷெடியூல் பிரச்சினை வந்தால் அன்றே ஓடிப்போய்த் தாள் எழுதுவதில்லை. காலக்கெடுவை எண்ணிக்கொண்டு, அதற்குள் அந்தப் பகுதியின் கடைசி நான்கு கிழமை ஷெடியூலையும் போனில் படம் எடுத்து மொத்த மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்க்கிறேன். குறைந்துகொண்டு வருகிறதா? அப்படியானால் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் விடை கண்முன்னே நிற்கும். ரை கட்டிய உதவி மனேஜர் காலை ஆறு மணிக்குப் பாண் அடுக்கிக்கொண்டிருப்பார். யூனியன் உறுப்பினரின் வேலையை நிர்வாகத்தினர் செய்யக்கூடாது என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. பயிற்சி கொடுக்கும்போது, அவசரத்தின்போது என்று விதிவிலக்குகளும் இருக்கும். சோடா, சிப்ஸ் கம்பனிக்காரர்கள் தங்கள் சாமானைத் தாங்களே அடுக்கலாமா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். வாசித்துப் பாருங்கள்.

அடுத்த தடவை டெலியில் இதே பிரச்சினை வந்தபோது, குறைந்த மணித்தியாலக்காரரிடம் போகுமுன் கூடிய மணித்தியாலம் உள்ள பிள்ளையிடம் போனேன். "இப்படி ஒரு கிறீவன்ஸ் வரப்போகிறது, உனக்கு எதிராக இல்லை, நீயும் உதவி செய்தால் உனக்கும் குறையாமல் பார்க்கலாம்" என்று நேரே சொன்னேன். அந்தப் பிள்ளையும் டெலி அன்ரி ஒருவரும் சேர்ந்து மூன்று கிழமை எழுதினார்கள்: தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த மனேஜர், என்ன வேலை, பார்த்தவர் யார். சின்னச் சதுரக் கட்டங்களில் இரண்டு கையெழுத்தும் மாறி மாறி வந்த அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் கிழமைக்குச் சராசரி 19 மணித்தியாலம். அந்தத் தாளை வைத்துக் கதைத்தோம். டெலிக்கு மொத்த மணித்தியாலம் கூடியது. சீனியோரிற்றி உள்ளவருக்கு உரியது கிடைத்தது, பிள்ளைக்கு ஒரு மணித்தியாலமும் குறையவில்லை.

எல்லாத் தடவையும் இப்படி முடியாது. சில கிழமை உண்மையிலேயே வியாபாரம் இல்லாமல் இருக்கும். அப்போது ஒப்பந்தப்படி சீனியோரிற்றிதான். அதையும் மறைக்காமல் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். மனேஜர் சொல்லி அவனுக்குத் தெரியவரக்கூடாது.

யாரையாவது அலுவலகத்துக்குக் கூப்பிட்டால்

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "யூனியன் ஆள் இல்லாமல் கதைக்கமாட்டேன் என்று சொல்லச் சட்டம் இருக்கிறது" என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது அங்கத்தைய சட்டம். இங்கே அந்த உரிமை பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது. அதனால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். கூப்பிட்டால் சொல்ல வேண்டியது ஒரு வசனம்: "என் ஸ்டுவர்ட் வரட்டும்."

உள்ளே போனால் நீங்கள் செய்வது மூன்று விஷயம். எழுதுங்கள், யார் என்ன சொன்னார் என்று அப்படியே. ஆள் தடுமாறினால், "வெளியே போய் ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு வருகிறோம்" என்று கேளுங்கள். கடிதம் தந்தால் கிடைத்ததற்கு மட்டும் கையெழுத்து, ஒப்புக்கொண்டதற்கு அல்ல என்று அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடையில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது உணவு விஷயம். எறியப் போகும் கோழித் துண்டுதானே என்று வாயில் போட்டதைக் களவு என்று எழுதி வேலையை விட்டு நிறுத்துவார்கள். கடையில் வாங்கிச் சாப்பிடும் எதற்கும் ரசீது அதே பொதியில் ஒட்டியிருக்க வேண்டும். ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால் பொய் சொல்ல வேண்டாம் என்று அந்த ஆளிடம் வெளியே வைத்துச் சொல்லுங்கள். கிறீவன்ஸ் தீராமல் நடுவரிடம் போகும்போது எத்தனை வருட சேவை, முன்பு குற்றம் உண்டா, ஒளிக்காமல் சொன்னாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒரு கோழித் துண்டுக்காகப் போன வேலையைத் திருப்பி எடுக்கலாம். அதை மறைக்கச் சொன்ன பொய்யோடு எடுப்பது மிகவும் கஷ்டம்.

கோபத்தில் யாரும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். சொன்ன வேலையைச் செய், பிறகு கிறீவன்ஸ் போடு என்பதுதான் பொது வழி. பாதுகாப்பு மட்டும் வேறு. காவல் தகடு கழன்ற இறைச்சி வெட்டும் மெஷினில் நிற்கச் சொன்னால் மறுப்பதற்குச் சட்டப்படி உரிமை உண்டு.

அப்புறம், "தொழில் அமைச்சுக்கு நேரே போன் எடுக்கலாமே" என்று வெளியில் உள்ளவர்கள் சொல்வார்கள். யூனியன் உள்ள கடையில் சம்பளம், ஓவர்ரைம், விடுமுறைச் சம்பளம் போன்றவற்றுக்குப் பொதுவாகக் கிறீவன்ஸ்தான் வழி. அமைச்சுக்குப் போய் அலைவதற்குள் உங்கள் நாள் தவறிவிடும்.

உங்களுக்குப் பிடிக்காத ஆள்

தொழில் உறவுச் சட்டத்தின் 74 ஆம் பிரிவை மனதில் வைத்திருங்கள். ஏனோதானோ என்று, பாரபட்சமாக, கெட்ட எண்ணத்தோடு யாரையும் யூனியன் நடத்தக்கூடாது என்கிறது அது. யூனியனைத் திட்டுபவர், உங்களுக்கு எதிராக வாக்குப் போட்டவர், உங்கள் ஊர்க்காரரோடு சண்டை பிடித்தவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். "நான் யூனியனில் சேரவே இல்லை" என்று சொல்லும் மாணவனும் அடக்கம். அவனிடமும் சந்தா பிடிக்கிறார்கள், அவனையும் நீங்கள் காக்க வேண்டும்.

இதற்கு அர்த்தம் எல்லாக் கிறீவன்ஸையும் கடைசிவரை கொண்டுபோவது அல்ல. கிறீவன்ஸ் யூனியனுக்குச் சொந்தம், நடுவரிடம் போவதா இல்லையா என்று யூனியன்தான் முடிவெடுக்கும். விசாரித்து, காரணத்தோடு, எழுத்தில் 'இல்லை' சொன்னால் அது நியாயம். ஆளுக்குத் திருப்பிப் போன் எடுக்காமல் விடுவதுதான் தவறு. வெல்லுவோம் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இரண்டு உறுப்பினர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் முறைப்பாடு செய்தால் இருவருக்கும் ஒரே ஸ்டுவர்ட் போகக்கூடாது. இன்னொரு ஸ்டுவர்டை, இல்லாவிட்டால் அலுவலகத்திலிருந்து யூனியன் பிரதிநிதியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் மொழி பற்றி

இதைத் தமிழ் ஆட்களுக்கென்றே எழுதுகிறேன். நான் ஸ்டுவர்ட் ஆன முதல் வருடம், பஞ்ச் மெஷினடியில் அன்ரிமாரைக் கண்டால் தமிழில் நின்று கதைப்பேன். அவர்களுக்கு ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம், எனக்கு விளங்கப்படுத்தச் சந்தோஷம். ஆனால் பக்கத்தில் கார்ட் தள்ளிக்கொண்டு போனவர்களுக்குத் தெரிந்தது, ஸ்டுவர்ட் தன் ஆட்களுக்கு ஏதோ இரகசியம் சொல்கிறாள் என்பதுதான். ஒரு பிலிப்பைன்ஸ் காஷியர் அக்காதான் ஒருநாள் துணிந்து, "நீ எங்களுக்கும் ஸ்டுவர்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் அவருக்கு நன்றி.

இப்போது எந்தச் செய்தியையும் முதலில் ஆங்கிலத்தில் யூனியன் பலகையில் ஒட்டுவேன். அதன் பிறகுதான் தமிழில் விளங்கப்படுத்துவேன். அதே தாளை அந்த அக்கா தங்கள் மொழியான தகாலொக்கில் எழுதித் தருவார், இரவு ஷிப்டில் உள்ள ஒருவர் உருதுவில். தீபாவளிக்கு லீவு கேட்கும் ஆள் ரமழான் பெருநாளுக்கு ஷிப்ட் மாறிக் கொடுக்க வேண்டும், நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் நாங்கள் நிற்க வேண்டும். இதை அக்டோபர் மாதமே ஒரு தாளில் எழுதி எல்லோரும் பெயர் போட்டால் மனேஜரிடம் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

மூன்று மேசையையும் ஒன்றாக இருத்த எனக்குக் கிடைத்த சிறந்த இடம் பாதுகாப்புக் குழு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கூட்டுச் சுகாதார, பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் பாதிக்குக் குறையாதவர்கள் தொழிலாளராக இருக்க வேண்டும். குளிர் அறைக் கதவின் உட்பிடி உடைந்திருந்தால் அது மாணவனையும் அடைக்கும், பழைய ஆளையும் அடைக்கும். சம்பளம் கதைத்தால் முறைத்துக்கொள்பவர்கள் அந்தக் கதவுக்காகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஒப்பந்தம் முடியும் வருடம்

2020 ஜூனில் பெரிய குரோசரி நிறுவனங்கள் பெருந்தொற்றுக்காகக் கொடுத்த மணிக்குச் சுமார் 2 டொலரை ஒரே கிழமையில் நிறுத்தின. அந்த 2 டொலரை யாரும் மறக்கவில்லை. 2023 ஜூலையில் ரொறன்ரோப் பகுதியில் மெட்ரோ குரோசரி நிறுவனத்தின் 27 கடைகளில் யூனிபோர் யூனியனின் 414 ஆம் கிளையைச் சேர்ந்த சுமார் 3,700 பேர், தங்கள் பேச்சுவார்த்தைக் குழுவே பரிந்துரைத்த ஒப்பந்தத்தை நிராகரித்து வெளியே வந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நின்றார்கள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது ஒப்பந்தத்தை ஏற்றுத் திரும்பினார்கள். நான் வேறு கடை. ஆனாலும் என் ஓய்வு நாளில் போய் அவர்களின் மறியலில் நின்றேன். அந்த வரிசையில் தலை நரைத்தவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே தண்ணீர்ப் பெட்டியைச் சுற்றி நின்றதைப் பார்த்த பிறகுதான், எங்கள் கடையிலும் முடியும் என்று நினைத்தேன்.

உங்கள் ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். கோரிக்கைப் படிவத்தை மேசைக்கு மேசை நீங்களே கொண்டுபோய், ஒவ்வொரு மேசையிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு என்ன வேண்டும், அடுத்த மேசைக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஆள் தெரிவுசெய்யும்போது பகுதிநேரத்தில் ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

வேலைநிறுத்தத்துக்கும் ஒப்பந்தத்தை ஏற்பதற்குமான வாக்கெடுப்பு இரகசிய வாக்கு. உறுப்பினர் அட்டை இல்லாதவருக்கும் அலகுக்குள் இருந்தால் வாக்கு உண்டு. மாணவர்களுக்கு இது தெரியாது, நேரே சொல்லுங்கள். அப்புறம் கொப்பியைத் திறந்து அந்தக் கடைசி இரண்டு பத்தியையும் பாருங்கள். வாக்கெடுப்பு நடக்கும் மண்டபத்துக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதி, மூன்று மேசையிலும் ஒவ்வொன்று ஒட்டுங்கள். கார் இல்லாத பேக்கரி அன்ரியை வாசலோர மேசைப் பிள்ளை ஒருவரின் காரில் ஏற்றி அனுப்புங்கள். இரவு ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வெளியே வருபவர்களை நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள், ரீ பிளாஸ்கையும் மறக்காமல்.